துணை பிரிந்த மனை: மலைநாட்டு இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

வீடு என்னுஞ் சொல் தமிழிலே இரு பெரும் பொருள் தாங்கி நிற்பது. மக்கள் கூடி வாழும் மனையும் வீடு. பற்றற்றார் எய்தும் பேறும் வீடு. இரண்டும் ‘விடு’ என்னும் ஒரே முதனிலையிற் பிறந்தவை. பகலெல்லாம் உழைத்தவன் தன் தொழிலை விட்டு வந்து தங்கும் இடமாதலின் மனை வீடாயிற்று என்று கூறுவாரும் உளர். ஆயின் அவ்வீட்டையே விட்டு நீங்க நேரும் நிலையொன்றும் மனித வாழ்விலே உண்டு. அதிலும், உடன் வாழ்ந்த துணை மறைந்த பின்னர், அத்துணையோடு கூடிச் சமைத்துண்டு மக்களைப் பெற்று வளர்த்த மனையையும் நீங்குதல் இரட்டைத் துயராகும். முதலிற் போனவர் ஒருவர்; பின்னர்ப் போவது, அவர் வாழ்ந்தார் என்பதற்குச் சான்றாய் நின்ற இடம்.

இத்துயரைப் பழந்தமிழ் இலக்கியம் எங்ஙனங் கண்டது என்பதையும், நுவரெலியா, ஹற்றன் முதலிய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலே வளர்ந்த பாடலும் கூத்தும் எழுத்திலக்கியமும் அதனை எங்ஙனம் வேறுபடுத்தின என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எமது கருத்தை முற்பட உரைத்தல் நன்று. பழந்தமிழ்ப் புலவர் துணையிழந்தாரைப் பாடியபோது அவர்தம் மனை நிலைத்து நின்றது. இடம் நீங்குவாரைப் பாடியபோது, நீங்கும் இடம் நேற்றுவரை அவர்க்கு உரியதாய் இருந்தது. மலைநாட்டு வாழ்விலே இவ்விரண்டும் இல்லை. ஆதலால் அங்கு இறப்பின் ஒப்பாரியும் புறப்பாட்டின் ஒப்பாரியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இதனை உணராது மலைநாட்டு இலக்கியத்தை அளக்கப் புகுவோர் அதன் சிறப்பையும் காணார். அதன் குறையையும் காணார்.

பண்டை மரபு

தொல்காப்பியர் புறத்திணையியலிற் காஞ்சித்திணைக்குரிய துறைகளை வகுக்குமிடத்து, மனைவியை இழந்த கணவனது நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்த மனைவியது நிலையைத் தாபத நிலை என்றும் பெயரிட்டார். கொடிய சுரத்திடையே கணவனை இழந்து தனித்து நின்று புலம்புவாளது நிலைக்கு முதுபாலை என வேறொரு பெயருந் தந்தார். இருபாலார் துயருக்கும் இலக்கணத்திலே தனித்தனி இடம் வகுத்தமை தமிழ் மரபின் பெருமையாகும். எனினும், துணையிழந்தார் தம் மனையையும் இழந்து நீங்குதற்கு எனத் தனித்துறை வகுக்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

இதன் காரணம் புறநானூற்றுப் பாடல்களிலேயே விளங்குகின்றது. 250ஆம் பாட்டு தாயங்கண்ணியார் பாடியது. தாளிப்பொலி நிறைந்த அடுக்களையும், இரவலரை அப்பாற் செல்லவிடாது தடுத்து உண்பிக்கும் வாயிலும், அடைந்தாரின் கண்ணீர் துடைத்த குளிர்ந்த பந்தரும் உடைய பெருமனை அது. இன்றோ அம்மனையின் தலைவன் சுடுகாடு சென்றுவிட்டான். கூந்தல் களைந்து, வளை நீக்கி, அல்லியரிசி உண்ணும் மனைவியோடு அம்மனை பொலிவிழந்து நிற்கின்றது. இப்பாட்டிலே புலவர் கைம்பெண்ணை விளித்துப் பேசவில்லை. மனையை விளித்தே பேசுகின்றார் என்பதை நாம் நுணுகி நோக்குதல் வேண்டும். துயருற்றவள் உள்ளே இருக்கின்றாள். அவளது துயரைச் சொல்வதற்கு வீடு சாட்சியாக நிற்கின்றது. அவளை வெளியேறுமாறு எவரும் கூறவில்லை.

அதற்கு முந்திய 249ஆம் பாட்டு இன்னுஞ் சுருக்கமும் கூர்மையும் உடையது. அகன்ற நாட்டுக்குத் தலைவனாய் இருந்தவன் மாண்டான். அவன் மனைவி அவனுக்குச் சோறு படைத்தற்பொருட்டு முறத்தளவான சிறிய இடத்தைத் துடைத்து, ஓயாது ஒழுகும் கண்ணீரையே நீராகக் கொண்டு சாணத்தால் மெழுகுகின்றாள். நாடளவாய் இருந்த வாழ்வு முறத்தளவாய்ச் சுருங்கியது. ஆயினும் அந்த முறத்தளவு நிலம் அவளுடையது. அழுவதற்கும் மெழுகுவதற்கும் அவளுக்கு ஓர் இடம் உண்டு.

தபுதார நிலைக்குச் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் பெருங்கோப்பெண்டு இறந்தபோது பாடிய 245ஆம் பாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மனைவியை விறகு அடுக்கிய தீப்படுக்கையிற் கிடத்திய பின்னும் தான் உயிரோடிருப்பது என்ன இயல்பு என்று அம்மன்னன் தன்னையே வினவுகின்றான். தன் துயர் தன்னுயிரைப் போக்கும் வலிமையற்றதாயிற்றே என்று நாணுகின்றான். அரசன் பாடிய இப்பாட்டில் அரண்மனை பற்றிய பேச்சே இல்லை. எங்கு வாழ்வது என்னும் வினா அவனுக்கு எழவில்லை. ஏன் வாழ்வது என்னும் வினா மட்டுமே எழுந்தது. வீடு கேள்விக்கு இடமின்றி நிலைத்திருப்பவர்க்கே துயரம் இவ்வாறு தூய தத்துவ வினாவாக உருவெடுக்கும்.

இனி, இடம் நீங்கும் துயரைப் பாடிய பாட்டு ஒன்றையும் காண்போம். பாரி மாய்ந்த பின்னர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்புமலையை விட்டுச் செல்லும் கபிலர், 113ஆம் பாட்டில் அம்மலையை விளித்து விடைபெறுகின்றார். கள்ளும் ஊனும் சோறும் குறைவறக் கிடைத்த முன்னாளை நினைக்கின்றார். நீர் வாரும் கண்ணோடு மலையைத் தொழுது வாழ்த்திப் புறப்படுகின்றார். இறந்தவன் கணவன் அல்லன், தந்தையும் நண்பனும் ஆவான். எனினும் இறந்தவர் வாழ்ந்த மலையை இருப்பவர் நீங்கும் காட்சியைத் தமிழில் இத்துணை அமைதியாகக் காட்டிய பாட்டு வேறொன்று அரிது. தாயங்கண்ணியார் மனையை விளித்தார். கபிலர் மலையை விளித்தார். இருவர் பாட்டிற்கும் ‘அன்று இருந்தது, இன்று இல்லை’ என்பதே உட்கட்டு. பின்னாளிலே தேயிலை மலைகளில் ஒப்பாரி பாடிய பெண்டிர் இவ்விரு புலவரையுங் கற்றவர் அல்லர். ஆயினும் அவர்தம் பாடல்களும் இவ்வுட்கட்டின் மீதே எழுந்தன.

இரவல் மனையும் கண்ணகியும்

சங்கப் பாடல்களுக்கும் மலைநாட்டு வாழ்வுக்கும் இடையே பாலமாக நிற்பது சிலப்பதிகாரம். கண்ணகிக்கு இரண்டு மனைகள் இருந்தன. புகாரில் இருந்த பெருமனையிலே அவள் கணவனைப் பிரிந்திருந்த காலமே மிகுதி. அவள் கணவனுக்குத் தன் கையாற் சமைத்துப் பரிமாறியதை இளங்கோவடிகள் விரித்துக் காட்டுவது மதுரைப் புறத்து ஆயர்சேரியில், மாதரி தந்த இரவல் மனையிலாகும். ஆயர் மகளிர் கொடுத்த கலங்களும் காய்கறியும் கொண்டு சமைத்து, வாழையிலையில் உணவு படைத்து, அவள் இல்லக்கிழத்தியாக விளங்கியது அந்த ஒரு பொழுதில் மட்டுமே. அவ்வுணவை உண்டு சென்ற கணவன் திரும்பவில்லை.

பின்னர் அவள் மதுரையை நீங்கும்போது, கணவனோடு கிழக்கு வாயிலால் நுழைந்ததையும் இப்போது மேற்கு வாயிலால் தனியே வெளியேறுவதையும் சொல்லி அரற்றுகின்றாள். வையைக் கரை வழியே நடந்து மலையேறி, வேங்கை மரத்தின் நிழலில் நிற்கின்றாள். துணையிழந்தவள் இடம் நீங்கி மலை சேர்ந்த கதை அது. இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாத உண்மையொன்றை இங்குக் காண்கின்றோம். மனை சொந்தமாயினும் இரவலாயினும், அங்கு மூட்டிய அடுப்பே அதனை வாழ்ந்த வீடாக ஆக்குகின்றது. உரிமை ஓலையில் இருக்கலாம். வாழ்வு அடுப்படியில் இருக்கின்றது. இரவல் மனையில் வாழ்ந்தவள் அதனை இழக்கும்போது அவளுக்கு வழக்காடும் உரிமையும் இல்லை. ஆனால் இழப்பு மட்டும் முழுமையாக இருக்கின்றது.

லயம் என்னும் இருப்பிடம்

தோட்டத்து மக்கள் வாழும் இருப்பிடத்திற்கு லயம் என்று பெயர். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் அவ்வாறாயிற்று. ஒரு கூரையின் கீழ் ஒற்றை நிரையாகவோ, முதுகோடு முதுகு பொருந்திய இரட்டை நிரையாகவோ அறைகள் அமைந்திருக்கும். ஓர் அறையைக் காம்பிரா என்பர். அது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு; மேலே தகரக் கூரை. அடுத்த குடும்பத்தோடு சுவர் பொது. ஒரு காம்பிராவில் இருமினால் அடுத்த காம்பிராவிற் கேட்கும். ஓர் இறப்பின் அழுகை லயம் முழுவதற்கும் உரியதாகும்.

இவ்வறை தோட்டத்தின் உடைமை. அங்கு வாழ்வோர் அதற்கு வாடகை கொடுப்பதில்லை, உழைப்பே வாடகை. செக்றோலிற் பெயர் இருக்குமளவும் தலைக்கு மேற் கூரை உண்டு. பத்துச்சீட்டு வழங்கப்பட்டால் வேலையோடு வீடும் போயிற்று. குடும்பத்திலே உழைத்துவந்த ஒருவர் மறையும்போது, எஞ்சியோருள் பெயர் பதிந்தவர் எவர் என்னும் வினா துக்க வீட்டிலேயே எழுந்துவிடும். மகன் அத்தோட்டத்தில் வேலை செய்தால் தாய் அவனோடு இருக்கலாம். கொழுந்து பறித்த மனைவி மறைந்து, கணவனும் வேலையினின்று ஓய்ந்தவனாயின், அவன் மகள் வாழ்க்கைப்பட்ட தோட்டத்துக்கோ, தம்பியின் காம்பிராவுக்கோ மூட்டையோடு செல்ல நேரும். தபுதார நிலை எய்திய அரசனுக்கு எழாத வினா, தபுதார நிலை எய்திய தொழிலாளிக்கு முதலிலேயே எழுகின்றது.

இவ்வுண்மையை எமக்கு ஒரு வகுப்பறை உணர்த்தியது. மேற்காட்டிய 250ஆம் பாட்டைப் பாடஞ் சொல்லி முடித்தபோது, தோட்டத்திலிருந்து வந்து கற்ற மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், புருசன் செத்த பொறகும் அந்த அம்மாவ அந்த வீட்டுலேயே இருக்க விட்டாங்களா?” என்று கேட்டாள். உரையாசிரியர் எவரும் எழுப்பாத வினா அது. கூந்தல் களைதலையும் வளை நீக்கலையும் அல்லி உணவையும் துன்பத்தின் எல்லையாக நாம் விளக்கிக் கொண்டிருந்தோம். அவளோ அம்மனையில் தொடர்ந்து இருக்கப் பெற்றதையே ஒரு பேறாகக் கண்டாள். இலக்கியத்தைப் படிப்பவர் எந்தக் கூரையின் கீழிருந்து படிக்கின்றார் என்பதும் திறனாய்வுக்கு உரிய பொருளே.

ஆங்கிலக் கவிஞர் வேட்ஸ்வர்த் பாடிய, சிதைந்த குடிசை பற்றிய கதைப்பாட்டையும் இங்கு ஒப்பிடலாம். போருக்குச் சென்ற கணவன் திரும்பாத நிலையில் மாகிரட் என்பாள் அக்குடிசையிலேயே ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றாள். தோட்டத்திற் களை மண்டுகின்றது, கூரை ஒழுகுகின்றது, இறுதியில் அவளும் அங்கேயே மாய்கின்றாள். மனையின் சிதைவும் மனத்தின் சிதைவும் ஒன்றாக நடைபெறுகின்றன. ஆங்கிலக் கையறுநிலைப் பாடல்களுள் உயர்ந்ததாக இது மதிக்கப்படுகின்றது. ஆனால் இத்தகைய பாட்டு லயத்திலே பிறக்க இடமில்லை. ஒரு வீடு துயரத்தோடு சேர்ந்து மெல்லச் சிதைய வேண்டுமாயின், அது பல காலம் ஒருவர் கையில் இருக்க வேண்டும். காம்பிராவோ வெறுமையாகக் கிடப்பதில்லை. ஒரு குடும்பம் நீங்கினால் மற்றொரு குடும்பம் அதே அடுப்பை மூட்டும். ஆதலால் மலைநாட்டுத் துயரம் இடிந்த சுவரைத் தன் குறியாகக் கொள்ள இயலாது. வேறு குறிகளைத் தேடவேண்டியதாயிற்று.

காமன் கூத்தும் ஒப்பாரியும்

அக்குறிகளுள் முதன்மையானது காமன் கூத்து. மாசித் திங்களிலே தோட்டங்களில் நிகழும் இக்கூத்து மலைநாட்டு மக்களின் பெருங்கலையாகும். மதனும் ரதியும் மணம் புரிகின்றனர். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மதனை, தீக்கனாக் கண்ட ரதி தடுக்கின்றாள். அவன் கேளாது சென்று நெற்றிக்கண்ணால் எரிகின்றான். அதன்பின் ரதி புலம்புகின்றாள். மூன்றாம் நாள் மதன் உயிர்த்தெழுகின்றான்.

இக்கூத்தை வளமை வேண்டும் சடங்கு என்று மட்டும் விளக்குதல் போதாது. ரதியின் புலம்பலைச் சூழ்ந்து நின்று கேட்கும் பெண்டிருள் தாபத நிலை எய்தியோர் பலர் இருப்பர். அவர்தம் வாழ்வில் மூன்றாம் நாள் உயிர்ப்பு இல்லை. ஆயினும் ரதிக்குக் கிடைத்த வரத்தின் பொருள் அவர்க்கு விளங்கும். உருவிழந்த மதன் ஏனையோர் கண்ணுக்குப் புலப்படான். ரதியின் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவான் என்பது புராணம். துணையிழந்தார் எவர்க்கும் இது பொருந்தும். பிறர் கண்ணுக்கு வெற்று அறையாகத் தோன்றும் காம்பிரா, அவள் கண்ணுக்கு அவன் உட்கார்ந்த மூலையும் அவன் கவ்வாத்துக் கத்தி செருகிய இறப்பும் உடைய இடம். அவ்விடத்தை இழப்பின், காணும் வரத்தையும் இழந்தவளாவாள். இதுவே வீடு நீங்கும் துயரின் உட்பொருள் என்று யாம் கருதுகின்றோம்.

ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்தோரும் ஆராய்ந்தோரும் ஒரு முரணைச் சுட்டுவதுண்டு. குடிசையில் வாழ்ந்தவனை மாளிகையில் வாழ்ந்தவனாகவும், கிழிந்த பாயிற் கிடந்தவனைப் பொற்கட்டிலில் துயின்றவனாகவும் ஒப்பாரி பாடும். இதனை வெறும் உயர்வுநவிற்சி என்று தள்ளுவார் உளர். தமிழகத்துக் கிராம மரபின் எச்சம் என்று அமைவார் உளர். தகரக் கூரையின் கீழ் அது பாடப்படும்போது அதன் பொருள் வேறாகின்றது என்பதே எமது கருத்து. தன் கணவனுக்கு மாளிகை இருந்தது என்று ஒருத்தி பாடும்போது, இல்லாததை இருந்ததாகக் கூறி உலகை ஏமாற்ற அவள் முயலவில்லை. கேட்போர் அனைவரும் பக்கத்துக் காம்பிராக்காரரே. அவர்க்கு உண்மை தெரியும். அவனுக்கு உரியதாய் இருந்திருக்க வேண்டியது எதுவோ அதனை அவள் கணக்கிட்டுச் சொல்கின்றாள். செக்றோலில் எழுதப்படாத கணக்கு அது. தாயங்கண்ணியார் பாடிய பெருமனையை உரிமை கோரும் பாட்டாகவே மலைநாட்டு ஒப்பாரியை நாம் படித்தல் தகும்.

ஒப்பாரிக் கோச்சி

இறப்பின் பாடல் புறப்பாட்டின் பாடலாக மாறியதை வரலாறே காட்டுகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 மக்களின் எதிர்காலத்தை எண்களாற் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதாக விடப்பட்டது. 1974இல் அவர்களும் 75,000, 75,000 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

இந்தியாவுக்கு எனப் பெயர் எழுதப்பட்டோர் மலைநாட்டு நிலையங்களிற் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் அடைந்தனர். வழியனுப்ப வந்தோரும் புறப்பட்டோரும் கட்டியழுத அவலத்தைக் கண்ட மக்கள் அப்புகையிரதத்திற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றிற்கு இப்பெயரையே சூட்டினார். புலவர் எவரும் ஆக்காத தொடர் இது. மக்கள் வாயிற் பிறந்தது. பிணத்தின் முன்னே பாட வேண்டிய பாட்டை வண்டியின் முன்னே பாடினர் என்பதை ஒரு சொற்றொடரில் அடக்கி வைத்தது.

அவ்வண்டியில் ஏறியோருள் கைம்பெண்டிரும் மனைவியை இழந்தோரும் இருந்தனர் என்பதற்குத் தனிச் சான்று வேண்டுவதில்லை. அவர்கள் பெட்டியையும் பாத்திரத்தையும் கொண்டு செல்லக் கூடும். தோட்டத்து மயானத்திற் கிடந்த துணையைக் கொண்டு செல்லுதல் இயலாது. கபிலர் பறம்பை நீங்கியபோது திரும்பி நோக்கித் தொழுதற்கு ஒரு மலை இருந்தது. இவர்களும் மலையையே திரும்பி நோக்கினர். ஆனால் அம்மலை எந்நாளும் இவர்களுடையதாய் இருந்ததில்லை. முதுபாலை எனத் தொல்காப்பியர் வகுத்த நிலை இங்குத் தலைகீழாகின்றது. அங்குச் செல்லும் வழியிலே துணை இறக்கின்றது. இங்குத் துணை இறந்த இடமே வழியிற் பின்தங்கிப் போகின்றது. நீலகிரியிற் குடியேறியோர் பலர், தாயகம் திரும்பியோர்க்கென 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் சேர்ந்தனர். அங்கும் வீடு வேலையோடு கட்டுண்டதாகவே அமைந்தது. கடல் கடந்தும் லயம் அவர்களைத் தொடர்ந்தது.

பெயரெழுதிய கல்லும் பெயரற்ற மண்ணும்

மலைநாட்டுக் கவிதையின் முன்னோடி சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் (1914–1984). பூண்டுலோயாப் பகுதியில் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். ஆங்கிலத்தில் இவர் இயற்றிய நெடும்பாட்டு 1954இல் நூலாயிற்று, சக்தீ அ. பாலையா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். தேயிலைக்கு உரமாகித் தூரடியிற் புதைந்து கிடக்கும் முன்னோர்க்கு ஒரு கல்லும் ஒரு நினைவுக் குறியும் இல்லையே என்பது அதன் அடிநாதம்.

இவ்வேக்கத்தின் பொருளை ஹற்றனிலிருந்து அதிகந் தொலைவில் இல்லாத போகவந்தலாவையிற் காணலாம். அங்குள்ள தூய மரியாள் ஆலய வளவில் புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் யூலியா மாகிரட் கமரனின் கல்லறை உள்ளது. 1875இல் இங்கிலாந்தில் தம் இல்லத்தை விட்டு இலங்கை வந்தவர், 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிற் காலமானார். அவர் கணவர் சாள்ஸ் ஹே கமரன் 1880இல் மறைந்து அவரோடு ஒரே இடத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். மனைவியை இழந்த முதியவர் ஓராண்டுக்கு மேல் இம்மலையிலே வாழ்ந்து, அவர் அருகே சென்று சேர்ந்தார். அத்தம்பதியின் அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது எதுவோ அதனையே சுட்டுகின்றோம். பெயரெழுதிய கல் ஒன்று இருந்தால் வீடு போனாலும் நினைவுக்கு ஓர் இருப்பிடம் உண்டு. அதே ஆண்டுகளில் அதே பள்ளத்தாக்கிற் காப்பி பறித்தும் தேயிலை நட்டும் இறந்த தமிழ்த் தம்பதிகள் எங்குக் கிடக்கின்றனர் என்பதைக் காட்ட ஒரு கல்லும் இல்லை. ஆதலின் வேலுப்பிள்ளை தேயிலைத் தூரையே நடுகல்லாக்கினார். கையறுநிலைக்குச் சங்கப் புலவர் மனையையும் மலையையும் கொண்டார். இவர் தேயிலைச் செடியைக் கொண்டார். இது மலைநாட்டுக் கவிதை தமிழ் மரபுக்கு அளித்த புதிய கொடையாகும்.

குறையும் கடமையும்

சிறப்பைக் கூறிய யாம் குறையையும் கூறுதல் முறை. வீடு நீங்கும் துயர் மலைநாட்டுப் புனைகதைகளிற் பலவிடத்தும் பேசப்படுகின்றது. ஆயின் அது பெரும்பாலும் பொதுத் துயராகவே பேசப்படுகின்றது. துரையின் கொடுமை, ஒப்பந்தத்தின் அநீதி, தொழிற்சங்கப் போராட்டம் ஆகிய இவையே கதையை நடத்துகின்றன. அவற்றின் நியாயத்தை யாம் மறுக்கவில்லை. எனினும், வெளியேறுவோர் கூட்டமாகச் செல்லும்போது, அக்கூட்டத்தில் ஒருத்தி எதனை விட்டுச் செல்கின்றாள் என்று நின்று நோக்கும் பொறுமை நம் எழுத்தாளர்க்குக் குறைவாகவே இருந்து வந்துள்ளது. அவள் துயரம் ஓர் இனத்தின் துயருக்கு உவமையாகி விடுகின்றது. உவமையானவளுக்குத் தனக்கென ஓர் அடுப்படி இருப்பதில்லை.

வேலுப்பிள்ளையின் புகழ்பெற்ற நாவலொன்றின் பெயர் ‘வீடற்றவன்’. அத்தலைப்பு ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றையே ஒரு சொல்லிற் கூறிவிடுகின்றது. ஆயினும் அச்சொல்லின் விகுதியை நாம் கவனித்தல் வேண்டும். அது ஆண்பாற் சொல். கொழுந்து மலையில் நிரை பிடித்து நின்றோரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்தம் கைகளே அக்காம்பிராவின் வாடகையைச் செலுத்தின. அவ்வாறிருந்தும் வீடற்றவளின் கதை அதற்குரிய விரிவோடும் ஆழத்தோடும் இன்னும் எழுதப்படவில்லை. தாபத நிலைக்கும் தபுதார நிலைக்கும் வேறு வேறு பெயர் தந்த இலக்கணத்தின் வழிவந்தோர், அவ்வேறுபாட்டைத் தம் புனைகதையில் மறத்தல் பொருந்தாது.

தாயங்கண்ணியாரிடம் நம் எழுத்தாளர் கற்க வேண்டியது இதுவே. அவர் எவரையும் பழித்துரைக்கவில்லை. தாளிப்பின் ஒலி நின்றதையும் பந்தரின் நிழல் வீணானதையும் மட்டுமே காட்டினார். சிறிய பொருளை உற்றுநோக்கியமையால் அப்பாட்டு ஈராயிரம் ஆண்டளவு வாழ்கின்றது. இஸ்தோப்பின் ஓரத்துச் சாம்பல் நிறைந்த அடுப்பும், சுவரில் நெற்றியெண்ணெய் பட்ட கறையும், கொழுந்துக் கூடையின் தலைக்கயிறும், வெளியேறும் நாளிற் கடைசியாகக் கழற்றப்படும் சாமிப் படமும் ஒரு பெரும் படைப்புக்குப் போதிய பொருள்கள். அவற்றை நிதானமாகச் சொன்னால் அநீதி தானே விளங்கும்.

காலம் சிறிது மாறி வருகின்றது. ஏழு பேர்ச் காணியிலே தனி வீடு என்னும் திட்டம் அண்மைக் காலத்திற் பல தோட்டங்களை எட்டியுள்ளது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டிற்கு வந்த இந்தியப் பிரதமர் மலைநாட்டிற்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆயினும் இன்றும் பல குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. காணி உறுதியிற் கணவன் மனைவி இருவர் பெயரும் பதிந்த வீடு ஒவ்வொரு குடும்பத்திற்கும் கிடைக்கும் நாளில், துணையிழந்த ஒருத்தி அவ்வீட்டில் இருப்பதா நீங்குவதா என்பதைத் தானே தீர்மானிப்பாள். அப்போதும் அவள் அழுவாள். ஆனால் அவ்வழுகை 249ஆம் பாட்டுத் தலைவியின் அழுகையைப் போலத் தன் நிலத்தை மெழுகும் அழுகையாக இருக்கும்.

அதுவரையில் நம் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு பணி காத்திருக்கின்றது. மலைநாட்டு ஒப்பாரிகளைத் தொகுத்தோர் பாட்டின் அடிகளைக் காத்துத் தந்தனர், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவ்வகையிற் போற்றத்தக்கது. இனித் தொகுப்போர், அப்பாட்டுப் பாடப்பட்ட காம்பிராவையும் உடன் குறித்து வைத்தல் வேண்டும். பாடியவள் எத்தோட்டத்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாள், துணை மறைந்தபின் எங்குச் சென்றாள், செல்லும்போது எதனை எடுத்தாள், எதனை விட்டாள் என்பன கேட்டு எழுதப்பட வேண்டும். தலைமன்னார் வண்டியை நேரிற் கண்ட மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் தம் பாட்டியரிடம் இவற்றைக் கேட்டெழுதி வருவாராயின், அவ்வேடுகள் இப்பொருள் பற்றி எழுதப்படும் எந்த ஆராய்ச்சியினும் மதிப்புடையனவாகும்.